பிள்ளைகளுக்கும் இரத்த அமுக்கமா?

‘பிரசர்’ என்னும் சொல் மலைநாட்டில் இன்று எழுத்தறியாதவரும் அறிந்த சொல்லாகிவிட்டது. தாத்தாவுக்குப் பிரசர், அப்பாயிக்குப் பிரசர், பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பிரசரோடு சீனி வியாதியும் என்று நாம் நாள்தோறும் கேட்கின்றோம். கிளினிக் நாளில், கொப்பியும் மருந்துப் பையும் கையிலேந்தி, விடியற்காலைப் பஸ்ஸிலே கண்டிப் பட்டணத்துக்கு வரும் முதியோரைக் காணாத கண்கள் இல்லை. ஆகவே இரத்த அமுக்கம் என்பது நரையோடும் திரையோடும் கூடி வருவது என்ற எண்ணம் நம் குடும்பங்களிலே வேரூன்றிவிட்டது. ஏழு வயதுப் பாலகனுக்குப் பிரசர் என்று ஒருவர் கூறுவாரானால், “சின்னப் பிள்ளைக்கு ஏது பிரசர்?” என்று நகைப்போமேயன்றி நம்ப மாட்டோம்.

வைத்தியர்களிற் பலரும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தனர். பிள்ளைகளுக்கென இரத்த அமுக்க அளவுகளை வகுத்துரைத்த முதல் அறிக்கை அமெரிக்காவில் வெளிவந்ததே 1977 ஆம் ஆண்டில்தான். அதன் பின்னர் அளக்க அளக்க உண்மை வெளிப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் உலகெங்கும் 19 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு மூன்று பேரளவில் இருந்த உயர் இரத்த அமுக்கம், 2020 இல் நூற்றுக்கு ஆறு பேரளவுக்கு ஏறிவிட்டது என்று 2025 இல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பொன்று கூறுகின்றது. நாற்பது மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். உலகச் சராசரிப்படி அங்கே இரண்டு பேர். அவ்விருவரும் ஓடுவர், ஆடுவர், பரீட்சை எழுதுவர்; தமக்கு நோயுண்டு என்பதை அவர்களும் அறியார், ஆசிரியரும் அறியார்.

இரத்த அமுக்கம் என்றால் யாது? தோட்டத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டிலுள்ள தாங்கியிலிருந்து இறங்கி வரும் நீர் குழாயின் உட்சுவரைத் தள்ளிக்கொண்டே வருகின்றது. அதுபோலவே இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது நாடிகளின் சுவரில் ஓர் அமுக்கம் ஏற்படுகின்றது. இதயம் தளர்ந்து மீண்டும் நிரம்பும்போது அது குறைகின்றது. வைத்தியர் எழுதும் இரண்டு எண்களில் மேலெண் முதலாவதையும், கீழெண் இரண்டாவதையும் குறிக்கும். இதனை முதன்முதல் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். குதிரையொன்றின் நாடியிற் குழாயைச் செருகி, அதனோடு பொருத்திய கண்ணாடிக் குழாயிலே இரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பியதை அவர் கண்டு, 1733 இல் நூலில் வெளியிட்டார். மனிதருக்கு அம்முறை ஆகுமா? 1896 இல் இத்தாலியரான ரீவா ரொச்சி கையிற் சுற்றும் காற்றுப்பட்டியை அமைத்தார். 1905 இல் ரஷ்ய வைத்தியர் கொரொட்கொவ், பட்டிக்குக் கீழே ஸ்தெதஸ்கோப்பை வைத்து நாடியின் ஓசையைக் கேட்கும் வழியைச் சொன்னார். இன்று மின்சார இயந்திரங்கள் வந்துவிட்ட போதிலும் காற்றுப்பட்டி மாறவில்லை.

இங்கேதான் பெற்றோர் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வளர்ந்தவருக்கு 120 இன் கீழ் 80 என்பது நல்ல அளவு என்று யாவரும் அறிவர். ஆறு வயதுச் சிறுவனுக்கு 118 இன் கீழ் 78 என்று இயந்திரம் காட்டினால், தந்தையார் “என்னுடையதிலும் நன்றாயிருக்கிறதே” என்று மகிழ்ந்து வீடு திரும்பக்கூடும். ஆனால் அச்சிறுவனுக்கு அது மிகுதியான அளவு. பிள்ளையின் அமுக்கத்தை வயது, உயரம், ஆண் பெண் என்ற மூன்றையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும். ஒரே வயதும் உயரமும் உடைய நூறு பிள்ளைகளை அமுக்கத்தின்படி வரிசையில் நிறுத்தினால், தொண்ணூற்றைந்தாம் இடத்திலும் அதற்கு மேலும் நிற்பவரின் அளவே ‘உயர்ந்தது’ எனப்படும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியில் எளிய அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி ஆறு வயது ஆண்பிள்ளைக்கு 105 இன் கீழ் 66, பத்து வயது ஆண்பிள்ளைக்கு 108 இன் கீழ் 72 என்னும் அளவுகளை எட்டினாலே மீண்டும் கவனமாக அளந்து பார்த்தல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அவையே. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு 120 இன் கீழ் 80 என்பது எச்சரிக்கை எல்லை; மேலெண் 130 ஐயோ கீழெண் 80 ஐயோ தொட்டு நிலைத்துவிட்டால் அது நோய். மூன்று வயது முதல் ஆண்டுக்கொரு முறை அளக்க வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டியின் துணிபு.

அளக்கும் முறையிலும் சூட்சுமம் உண்டு. பெரியவரின் பட்டியைச் சிறு கையிற் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். சிறிய பட்டியைப் பருத்த கையில் இறுக்கினால் கூட்டிக் காட்டும். பட்டியினுள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் புயத்தின் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்காவது இருத்தல் வேண்டும். பிள்ளை ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் ஊன்றி, வலக்கை இதய மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். வெள்ளைச் சட்டையைக் கண்டதும் அழும் பிள்ளையின் அமுக்கம் உயர்ந்து காட்டுவதில் வியப்பில்லை. ஆதலால் ஒருநாள் அளவைக் கொண்டு நோயென்று தீர்மானிக்காமல் மூன்று வேறு நாட்களில் அளந்து பார்ப்பதே முறை.

இனி, அளவு சற்றுக் கூடியிருந்தால்தான் என்ன? பிள்ளைக்கு வலியில்லை, காய்ச்சலில்லை. வளர வளரச் சரியாகிவிடாதா? இக்கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். இந்நோயின் கொடுமையே அது வாய் திறவாதிருப்பதில்தான் உள்ளது. தலைவலி, மூக்கில் இரத்தம் வடிதல், பார்வை மங்கல் ஆகியவை அமுக்கம் மிக ஏறியபோது சிலருக்கு மாத்திரமே தோன்றும். மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருக்கையிலேயே உள்ளுறுப்புகளில் வேலை தொடங்கிவிடுகின்றது.

முதலில் இதயம். ஒரு நாளில் ஏறத்தாழ ஓரிலட்சம் தடவை துடிக்கும் தசை அது. எதிர்த்து நிற்கும் அமுக்கம் கூடினால், இரத்தத்தைத் தள்ள இடது இதயவறை மேலும் முயல வேண்டும். முயன்று முயன்று அதன் சுவர் தடிக்கின்றது. மண்வெட்டி பிடிப்பவரின் புயம் திரள்வது போல இதுவும் நல்லதுதானே என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். திரண்ட புயம் வேலை முடிந்தால் ஓய்வு கொள்ளும், இதயத்துக்கு ஓய்வேது? தடித்த சுவர் விறைத்து, இரத்தம் நிரம்புவதற்கு நெகிழ்ந்து கொடுக்க மாட்டாது. தனக்கே கூடுதலான இரத்தமும் வேண்டி நிற்கும். உயர் அமுக்கமுள்ள பிள்ளைகளை ‘எக்கோ’ப் பரிசோதனை செய்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில், மூவரில் ஒருவர் என்னுமளவுக்கு இத்தடிப்புக் காணப்பட்டிருக்கின்றது. நோயென்று பெயரிடும் எல்லையை எட்டாமல், அதற்குச் சற்றுக் கீழே நிற்கும் வளரிளம் பருவத்தினரிலும் இத்தடிப்புத் தொடங்கியிருப்பதை அமெரிக்காவில் எலேன் உர்பினா என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வு காட்டியது. எல்லைக்கோடு நாம் வசதிக்காக வரைந்தது. உறுப்புகள் அதனை அறியமாட்டா.

நாடிகளின் செய்தி இன்னும் அச்சந் தருவது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்திலுள்ள பொகலூசா என்னும் சிற்றூரில், ஜெரால்ட் பெரென்சன் என்னும் வைத்தியர் 1970களின் தொடக்கத்திலிருந்து ஊர்ப் பிள்ளைகளின் அமுக்கம், எடை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து குறித்து வந்தார். அவ்வூரிலே விபத்து முதலியவற்றால் அகாலத்தில் இறந்த, 2 முதல் 39 வயது வரையான 204 பேரின் உடல்களைச் சோதித்த முடிபு 1998 இல் வெளிவந்தது. சிறுவயதிலேயே பெருநாடியிலும் இதயத்தை ஊட்டும் நாடிகளிலும் கொழுப்புக் கீற்றுகள் படிந்திருந்தன. எவருக்கு அமுக்கமும் எடையும் கொழுப்பும் கூடியிருந்தனவோ அவருக்குப் படிவும் கூடுதலாயிருந்தது. பிற்காலத்து மாரடைப்புக்கு விதை எப்போது ஊன்றப்படுகின்றது என்ற கேள்விக்கு இதனிலும் தெளிவான விடை வேண்டுவதில்லை. சிறுவயதில் இவ்வாறு அளக்கப்பட்ட முப்பத்தெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்கா, பின்லாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலே தேடித் தொடர்ந்த ஆய்வொன்று 2022 இல் வந்தது. அதுவும், சிறுவயதின் அமுக்கம் நடுவயதின் மாரடைப்போடும் பக்கவாதத்தோடும் தொடர்புடையது என்றே கூறியது.

கண்ணின் விழித்திரையிலுள்ள மெல்லிய நாடிகள் சுருங்குவதை வைத்தியர் ஒளி பாய்ச்சி நேரே காணலாம். உடலை வெட்டாமல் இரத்தக் குழாய்களைக் கண்ணாற் காணக்கூடிய இடம் அதுவொன்றே. மூளையும் தப்புவதில்லை. எண்களை வரிசையாகச் சொல்லக் கேட்டு அவ்வாறே திருப்பிச் சொல்லும் சோதனையில், மேலெண் உயர்ந்த பிள்ளைகள் ஏனையோரிலும் சற்றுப் பின்தங்கினர் என்று அமெரிக்க ஆய்வொன்று 2003 இல் தெரிவித்தது. வேறுபாடு பெரிதன்று, பின்தங்கும் பிள்ளைகளுக்கெல்லாம் பிரசர் என்று எவரும் முடிபு கட்டிவிடலாகாது. ஆயினும் கவனமில்லாதவன் என்று நாம் கடிந்துகொள்ளும் மாணவர்களுள் ஒருவனுக்கு இது காரணமாயிருக்கலாம் என்ற நினைவு ஆசிரியர்க்கு நல்லது.

சிறுநீரகத்தை வேண்டுமென்றே இறுதிக்கு வைத்தோம். ஏனெனில் நமது மலைநாட்டின் கதை அங்கேதான் இருக்கின்றது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகள் சராசரியாகப் பத்து இலட்சம் உண்டு. விஞ்ஞானப் பாடத்தில் மாணவர் படிக்கும் ‘சிறுநீரகத்தி’ இதுவே. இவையாவும் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. ஏறத்தாழ முப்பத்தாறாம் வாரத்தோடு அவ்வேலை முடிந்துவிடும். நிறைமாதத்திற் பிறந்த பிள்ளைக்குப் பின்னர் ஒன்றேனும் புதிதாகச் சேர்வதில்லை. பிறக்கும்போது கிடைத்த முதலைக் கொண்டே ஆயுள் முழுவதும் குடித்தனம் நடத்தல் வேண்டும். இம்முதல் எல்லார்க்கும் ஒரேயளவன்று. சிலருக்கு இரண்டரை இலட்சமாகவும், சிலருக்கு இருபது இலட்சமாகவும் இருப்பதைக் கண்டிருக்கின்றனர். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு இத்தொகையும் குறைந்திருக்கும். குறைந்த தொகையினர் கூடுதலான வேலையைச் செய்யும்போது ஒவ்வொரு வடிகட்டியிலும் அமுக்கம் ஏறுகின்றது. ஏறிய அமுக்கம் வடிகட்டிகளைச் சிதைக்கின்றது. சிதைந்த பின் எஞ்சியவற்றின் சுமை மேலும் கூடுகின்றது. இச்சுழலைக் கருத்தாக 1988 இல் முன்வைத்தவர் அமெரிக்கரான பிரெனர். அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர், கருவிலே குன்றிய பிள்ளைகள் பிற்காலத்தில் இதய நோய்க்கு ஆளாவதைப் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு காட்டினார். பின்னர் 2003 இல் ஜெர்மனியிலிருந்து சான்று வந்தது. அங்கே விபத்தில் இறந்த இருபது பேரின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்தனர். உயர் அமுக்கமுடைய பத்துப் பேருக்கு ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ ஏழு இலட்சம்; அமுக்கமில்லாத பத்துப் பேருக்குப் பதினான்கு இலட்சம். சரிபாதி!

இதை வாசிக்கும்போது கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலை எனக் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்கள் நம் கண்முன் வருகின்றன. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துரவும் இம்மலைகளிலேதான். அந்நாள் தொட்டு இந்நாள் வரை கொழுந்துச் சுமையோடு ஏற்றம் ஏறிய தாய்மாரின் இரத்தம் சத்துக் குறைந்தே ஓடியிருக்கின்றது. இலங்கையில் 2016 இல் நடந்த தேசியக் குடும்ப சுகாதார அளவையின்படி, ஏறக்குறைய ஆறு குழந்தைகளில் ஒன்று இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறக்கின்றது. தோட்டப் பகுதிகளில் இந்த விகிதம் நாட்டின் சராசரியிலும் அதிகம். ‘பிள்ளை சிறிசு, ஆனால் சுகம்’ என்று கூறி நாம் அதனை மறந்துவிடுகின்றோம். சிறுநீரகம் மறப்பதில்லை.

எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கெல்லாம் இந்நோய் வந்தே தீரும் என்று எவரும் மனங்கலங்க வேண்டாம். பெரும்பாலோர்க்கு வாராது. ஆனால் அத்தகைய பிள்ளையை ஆண்டுதோறும் அளந்து பார்ப்பது கட்டாயம். வேறொன்றும் உண்டு. புனே நகரை அடுத்த கிராமங்களில் 1993 முதல் தாய்மாரையும் குழந்தைகளையும் ஆராய்ந்து வரும் யாஜ்னிக் என்னும் வைத்தியர், அங்கே பிறக்கும் குழந்தை சராசரி 2.7 கிலோ எடைதான். இங்கிலாந்துக் குழந்தையோ 3.5 கிலோ; எனினும் நம்மவரின் மெலிந்த குழந்தையில் தசையே குறைகின்றது, தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறைவதில்லை என்று கண்டார். மெலிந்து பிறந்ததே என்ற இரக்கத்தால், பாட்டிமார் பிஸ்கட்டும் சீனிப் பாலும் புகட்டி விரைவிற் கொழுக்க வைப்பது அன்பேயாயினும், அப்பிள்ளையின் அமுக்கத்தை ஏற்றும் வழியும் அதுவே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மாத்திரம், அதன் பின் வீட்டுச் சோறும் கீரையும் பருப்பும் முட்டையும் என்ற பழைய ஒழுங்கு போதும். இதற்கெல்லாம் முன்னதாகக் கர்ப்பிணியின் தட்டைக் கவனிக்க வேண்டும். 1973 முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா மாவைக் கர்ப்பிணித் தாயே உண்ணாமல் வீட்டிலுள்ள யாவருக்கும் பங்கிடுவது நமது குடும்பங்களின் பெருந்தன்மை. இந்த ஒரு விஷயத்தில் அப்பெருந்தன்மை வேண்டாம்.

மலைநாட்டுக்குரிய மற்றொரு வாயில் சிரங்கு. நெருங்கிய லயன் அறைகளில் ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தால் வரிசை முழுவதும் பரவும். சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் நுண்ணங்கி குடிபுகும். புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழிந்த பின், ஒருநாட்காலை பிள்ளையின் முகமும் கண்ணிமையும் வீங்கியிருக்கும். சிறுநீர் குறைந்து, பால் கலவாத தேநீரின் நிறத்திற் போகும். தொண்டைப் புண்ணுக்குப் பின்னரும் இவ்வாறு நேர்வதுண்டு. அந்நுண்ணங்கியை எதிர்க்க உடல் எழுப்பிய படையே சிறுநீரகத்தைத் தாக்கியதன் விளைவு இது. இரத்த அமுக்கம் திடீரென ஏறி, வலிப்பும் வரலாம். ‘பனி பிடித்துவிட்டது’, ‘கண்ணூறு பட்டுவிட்டது’ என்று நாளைக் கடத்தாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். காலத்தோடு கவனித்தால் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் முற்றாகக் குணமடைவர். சிரங்குக்கு மருந்து பூசுவது சிறுநீரகத்துக்குக் காவல் என்பதை மாத்திரம் தாய்மார் நினைவிற் கொள்க.

இனி உப்பு. கண்டியையும் உப்பையும் சேர்த்து நினைக்கும்போது சரித்திரம் குறுக்கிடுகின்றது. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆண்ட நாளில், ஒல்லாந்தர் 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கையின் கடற்கரை முழுவதையும் தம் வசமாக்கிக்கொண்டனர். அன்று முதல் கண்டி இராச்சியத்துக்குக் கடல் இல்லை. புத்தளத்திலிருந்தும் அம்பாந்தோட்டையிலிருந்தும் தவளமாடுகள் பொதி சுமந்து மலையேறினால்தான் அடுப்பிலே உப்பும் கருவாடும். உப்பை மறித்தால் கண்டி பணியும் என்று கடற்கரையை ஆண்டவர் கணக்கிட்டனர். அத்தகைய பஞ்சம் கண்ட ஊரிலே இன்று உப்பு மிஞ்சி நோயாகின்றது என்றால் காலத்தின் கோலம் என்னவென்பது!

உப்பு உடலில் நீரைத் தேக்கும். தேங்கிய நீர் குழாய்களை நிரப்பி அமுக்கத்தை ஏற்றும். குறைந்த முதலோடு பிறந்த சிறுநீரகத்துக்கு மிகுதி உப்பை வெளியேற்றுவது மேலும் கடினம். வளர்ந்தவர்க்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பிள்ளைகளுக்கு அதனிலும் குறைவு. நம் பிள்ளைகளின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் கோதுமை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும். பாடசாலை வாயிலில் உப்பும் மிளகாயும் தூவிய அம்பரெல்லா அச்சாறு. மாலையில் பக்கற்றோடு வரும் தூள் முழுவதையும் கொட்டிய நூடில்ஸ். வார இறுதியிற் பட்டணம் போனால் கொத்து ரொட்டி. கருவாடு நாம் உப்பென்று அறிந்தே உண்பது. மிக்சரும் சொசேஜும் பாணும் கூட உப்பைச் சுமந்து வருவதைப் பலர் அறியார். இலங்கையில் 2016 இல் இனிப்புப் பானங்களுக்கும், பின்னர் 2019 இல் பொதிசெய்த உணவுகளுக்கும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என நிறக்குறிகள் விதிக்கப்பட்டன. உப்புக்குச் சிவப்புக் குறியிட்ட பக்கற்றைக் கடையிலேயே விட்டுவருவதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கை: உப்பைக் குறைக்கச் சொல்கின்றோமேயன்றி, அயடீன் சேர்த்த உப்பை விட்டு வேறுப்புக்கு மாறச் சொல்லவில்லை. கழுத்துக் கழலையைத் தடுக்க 1995 இல் வந்த ஏற்பாடு அது.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்னும் முதுமொழி குழந்தையின் நாவுக்குப் பொருந்தாது. நாம் பழக்கினால்தான் அதற்கு உப்பு வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஒல்லாந்தில் 476 பச்சிளங் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஆறு மாத காலம் ஒரு பிரிவினருக்கு உப்புக் குறைந்த உணவும் மற்றவர்க்கு வழக்கமான உணவும் கொடுத்தனர். ஆறு மாத முடிவில் முதற்பிரிவினரின் மேலெண் சிறிது தாழ்ந்திருந்தது. பதினைந்தாண்டு சென்று, அவர்களிற் கிடைத்தவர்களைத் தேடி அளந்தபோது அவ்வேறுபாடு இன்னும் நின்றது. ஆறு மாதத்துப் பழக்கம்; பதினைந்தாண்டுப் பயன்! முதற் சோறூட்டும் தாய்மார் குழந்தையின் கிண்ணத்தில் உப்பிடுமுன் இதனை எண்ணுவார்களாக.

மாணவர்களுக்கும் ஒரு செய்தி. வடசீனத்தில் சாங்சி என்னும் இடத்தில் 28 ஆரம்பப் பாடசாலைகளைத் தெரிந்து, பாதிப் பாடசாலைகளிலே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றிப் பாடம் நடத்தி, வீட்டிற் சமைப்பவரிடம் அதனை எடுத்துச் சொல்லும்படி அனுப்பினர். 2015 இல் வந்த முடிபைக் கேளுங்கள்: அப்பிள்ளைகளின் உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் உப்புக் குறைந்தது, அவர்தம் வீட்டுப் பெரியோரின் உணவிலோ மூன்று கிராமளவில் குறைந்தது. வைத்தியர் சொல்லிக் கேளாத தாத்தாமார் பேரப்பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கின்றனர்! உப்பன்றி, உறக்கமும் ஓட்டமும் அமுக்கத்தைப் பாதிப்பன. விடியுமுன் ஒரு டியூசன், இரவு எட்டு மணி வரை மற்றொரு டியூசன், சனி ஞாயிறும் டியூசன் என்றால் பிள்ளை எப்போது விளையாடுவது, எப்போது உறங்குவது? புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதிலேயே விளையாட்டை நிறுத்திவிடும் பெற்றோரை நாம் அறிவோம். அவர்களிடம் தர்க்கித்து வென்றவர் எவருமில்லை. ஆயினும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடல் வியர்க்க ஓடுவது மருந்துக்கு நிகர் என்பதைக் கூறாமல் இருக்க முடியவில்லை.

அமுக்கம் உயர்ந்த பிள்ளைக்கு வைத்தியர் முதலிற் காரணத்தைத் தேடுவார். சிறு பிள்ளையானால், சிறுநீரகத்திலோ அதற்குச் செல்லும் நாடியிலோ கோளாறு இருப்பது அரிதன்று. காலில் நாடித்துடிப்பு மெலிந்திருந்தால் பெருநாடி பிறவியிலேயே ஒடுங்கியிருக்கலாம். அது சத்திரசிகிச்சையால் திருத்தக்கூடியது. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும், நெடுநாள் உண்ணும் ஸ்டெரொய்ட் மருந்துகளும், ஏன், அளவு மீறிய அதிமதுரமும் அமுக்கத்தை ஏற்றும் என்பதால் வீட்டில் கொடுத்த மருந்துகளை மறைக்கலாகாது. வளரிளம் பருவத்தில், பருத்த உடலும் பெற்றோரின் பிரசர் வழியும் கூடிய பிள்ளைகளிடம் பெரும்பாலும் வேறு காரணம் கிடைப்பதில்லை.

கண்டுபிடித்த பின் நம்பிக்கைக்கு இடமுண்டு. தடித்த இதயச் சுவர் சிகிச்சையால் மீண்டும் மெலிவதை வைத்தியர் கண்டிருக்கின்றனர். ஐரோப்பாவின் 33 சிறுநீரகப் பிரிவுகளில் சிறுநீரக நோயுற்ற 385 பிள்ளைகளை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து, 2009 இல் வெளியிட்ட முடிபு இது: அமுக்கத்தை வழக்கத்திலும் இறக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவில் நூற்றுக்கு முப்பது பேருக்கே சிறுநீரகம் பெரிதும் நலிந்தது, வழக்கமான அளவோடு நின்ற பிரிவில் அது நூற்றுக்கு நாற்பத்திரண்டு. பல பிள்ளைகளுக்கு உணவும் எடையும் ஓட்டமுமே போதும். சிலருக்கு மாத்திரை வேண்டும். பெற்றோர் தாமாக அதனை நிறுத்தலாகாது.

கண்டிவாசிகள் இவற்றுக்கெல்லாம் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. 1962 இல் மருத்துவ பீடம் தொடங்கிய பேராதனையில், போதனா வைத்தியசாலையும் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும் அருகருகே உள்ளன. பிள்ளைகளின் சிறுநீரக நோய்களைப் பற்றிப் பேராசிரியர் அசிரி அபேகுணவர்த்தன முதலானோர் நடத்திய ஆராய்ச்சிகள் அங்கிருந்தே வெளிநாட்டு ஏடுகளுக்குச் சென்றிருக்கின்றன. அதற்கு முன் செய்ய வேண்டியவை வீட்டிலேயே உண்டு. பிறந்தபோது கொடுத்த பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிறப்பு எடையைப் பாருங்கள். 2500 கிராமுக்குக் குறைவாகவோ, மாதம் நிறையுமுன் பிறந்ததாகவோ இருந்தால், பிள்ளை இப்போது எவ்வளவு திடகாத்திரமாகத் தோன்றினாலும், பக்கத்து வைத்தியரிடம் சென்று அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். பாடசாலைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பரிசோதனைக்கு வரும் நாளிலும் இதனைக் கேட்பதில் தவறில்லை. செல்லும்போது அப்பதிவேட்டையும், தாய் தந்தையரின் கிளினிக் கொப்பியையும், வீட்டில் கொடுத்துவரும் மருந்துகளையும் கொண்டு செல்க. சிறிய பட்டி இருக்கின்றதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அளந்த எண்களையும் நாளையும் அப்பதிவேட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த ஆண்டு அளக்கும்போது ஒப்புநோக்க அவை உதவும்.